கஞ்சி விரிப்பு போர்த்திய வேன்

கிளம்பாதே. இப்படியே கிடந்துவிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

சாவியைத் திருப்பும்போது அவள் மனதுக்குள் வேனிடம் இப்படித்தான் மன்றாடிக்கொண்டிருந்தாள். தூக்கி நிறுத்திய பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மூன்று பேரும் நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருடைய வேண்டுதலை எதிர்த்து ஒருத்தியுடையது எடுபடுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏற்கெனவே மங்கலாக எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்துபோனது.

"பேட்டரி படுத்துடுச்சுண்ணே" என்றார் மெக்கானிக். அவரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதால் வந்த பெயர். காலையில் வருகிறேன் என்றவர், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்திருந்தார்.

"அது எப்படி படுக்கும்?" என்றார் அவள் கணவர். "வாராவாரம் நானே உக்காந்து ஸ்டார்ட் பண்ணிட்டுத்தானே இருந்தேன்!"

"எவ்வளவு நேரம் ஓட விட்டீங்க?"

"ஒரு நிமிஷம். ஒண்ணரை நிமிஷம்னு வெச்சுக்கோயேன். பெட்ரோல் என்ன சும்மாவா வருது?"

"அதாண்ணே அதைக் கொன்னுடுச்சு. ஒருதடவை செல்ஃப் அடிச்சாலே பேட்டரி பாதி உயிர விட்டுடும். ஒரு நிமிஷம் ஓட்டினா அது எப்படித் திரும்ப ஏறும்? நீங்க வாராவாரம் வந்து கொஞ்சம் கொஞ்சமா கழுத்தை நெரிச்சிருக்கீங்க."

கணவரின் கைகள் இரண்டும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயின. அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. லைசென்ஸ் எடுக்கவில்லை. வேனை ஓட்ட முடியாவிட்டாலும், வாரத்தில் ஒருநாள் குளித்து முடித்து, தலை வாரி, வேன்மேல் போர்த்தியிருந்ததைச் சுருட்டி ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்புவது அவருக்கு ஒரு பெருமை. சலவைக்கூடத்து ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அவர் கண்ணாடியில் தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

"போன ரெண்டு மூணு வாரமா சத்தமே வரல" என்று அவர் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். "சொன்னா எல்லாரும் என்னைத்தான் திட்டுவீங்கன்னு வாயத் தொறக்கல."

"திட்டாம? கொஞ்சவா சொல்ற?" என்றாள் அவருடைய அக்கா. நாத்தனாருக்கு இஸ்திரி மேசையை விட்டு நகர நேரமில்லை என்று எப்போதும் புலம்பல். ஆனாலும் வேடிக்கை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். "வீட்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணை மறைச்சு வெச்சா தொழில் எங்க உருப்படும்?"

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டாள். பானெட்டின் கீழ் விளிம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதன் வழியாக அவர்களுடைய வயிறுகளும் கைகளும் மட்டும்தான் தெரிந்தன. அவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அது ஒரு நிம்மதி.

அவர்களுடையது விடுதிகளுக்கு வெளுத்துக்கொடுக்கும் தொழில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை. பொழுது விடியுமுன் வெளுத்ததைக் கொண்டுபோய் இறக்கி, அழுக்கை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து வேன் அவளுடையது. கணவர் ஆட்களிடம், "எங்க வீட்ல டிரைவர் சம்பளம் மிச்சம்" என்று பெருமையடித்துக்கொள்வார். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் அவள் திடீரென்று, முதுகு வலிக்கிறது, இனிக் கொஞ்ச நாளைக்கு ஓட்ட முடியாது என்றாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. முதுகுவலி வராத பெண் யார் இருக்கிறாள்?

வாடகை வண்டிக்காரர் ஒருவர் வந்துபோனார். வெங்காய மூட்டையும் விரிப்பு மூட்டையும் அவருக்கு ஒன்றுதான். பெரிய விடுதியில் தங்கியிருந்த ஒருவர், தலையணையில் படுத்தால் கண்ணில் நீர் வருகிறது என்று புகார் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. கணவர் சத்தம் போட்டார். வண்டிக்காரர் நேற்றோடு நின்றுகொண்டார். நாளைக்குப் பெரிய விடுதியில் ஏதோ மாநாட்டுக் கூட்டம் வந்து இறங்குகிறது. விரிப்புகள் மடித்து, கட்டி, இஸ்திரி அறையில் சுவர் உயரத்துக்கு அடுக்கியாயிற்று. "விடியறதுக்குள்ள எங்க சொந்த வண்டியே வரும் சார், வீட்டம்மாவே வருவாங்க" என்று கணவர் மேலாளருக்குப் போனில் வாக்குக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு அவள் பக்கத்தில்தான் நின்றாள். நாளை விரிப்புகள் போகாவிட்டால் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டாராம்.

முதுகு வலிக்கிறதா இன்னும் என்று அவர் கேட்கவில்லை. தேவைப்பட்ட நாளில் வலி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் போல.

எக்ஸ்பிரஸ் பேட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். தன்னோடு கொண்டுவந்த இன்னொரு பேட்டரியைத் தரையில் வைத்து, சிவப்பும் கறுப்புமான இரண்டு கனத்த வயர்களால் இணைத்தார்.

"இப்ப அடிங்கக்கா."

அவள் சாவியைத் திருப்பினாள். இந்தமுறை 'டக்' இல்லை. எஞ்சின் கர்ர்ர் கர்ர்ர் என்று சுற்றியது. அவள் உடனே கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் விட்டுட்டீங்க? புடிச்சே இருங்க."

மறுபடி திருப்பினாள். மறுபடி சீக்கிரமே விட்டாள்.

"அக்கா, சாவி சுடுதா என்ன? ரெண்டு விரலால தொட்டுப் பாக்கறீங்க! நல்லா அழுத்தித் திருப்புங்க."

"இத்தன வருஷம் ஓட்டினவ" என்றாள் நாத்தனார், "புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்படறா பாரு."

அவள் அழுத்தித் திருப்பினாள். கர்ர்ர் கர்ர்ர் கர்ர்ர். எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

எக்ஸ்பிரஸ் தலையைச் சொறிந்தார். முதலில் ப்ளக் போயிருக்கும் என்றார். கழற்றிப் பார்த்தார். ப்ளக் நன்றாக இருந்தது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று அதையும் கழற்றித் தட்டினார். கிளம்பிய தூசியில் மூன்று பேரும் வரிசையாகத் தும்மினார்கள். கணவர் ஒவ்வொன்றுக்கும், "அப்ப இதுதான்" என்றார். பிறகு, "இது இல்லையா?" என்றார். அவருடைய நம்பிக்கை ஏறி இறங்குவதை இடைவெளி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஊன்றியிருந்த கை, ஒவ்வொரு முறையும் தளர்ந்து தொங்கியது. பாவமாக இருந்தது. இந்த மனிதரை ஏமாற்றத்தானே இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, சாவியைப் பிடித்திருந்த விரல்கள் கூசின.

ஆனால் இவரிடம் என்னவென்று சொல்வது?

நடந்ததைச் சொல்லலாம். கடைசியாக வேன் ஓட்டிய அன்றைக்கு, அவளுக்குத் தெரிந்து எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய சாலையில் போய்க்கொண்டிருந்தாள். சுவரில் யாரோ ஒரு மீனை வரைந்திருந்தார்கள். அந்த மீனின் கண் அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, விடுதியின் பின்வாசல். வண்டி ஒழுங்காக நின்றிருந்தது. ஹேண்ட் பிரேக்கைக்கூடப் போட்டிருந்தாள். மீனுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சந்தைத் தெரு இருக்கிறது, ஒரு சிக்னல் இருக்கிறது, ஒரு வளைவு இருக்கிறது. அவை எதுவும் அவளிடம் இல்லை. இடதுபக்கக் கண்ணாடி உள்ளே மடங்கியிருந்தது. அவள் மடக்கவில்லை. எதன்மீதோ, யார்மீதோ பட்டுத்தான் மடங்கியிருக்க வேண்டும். கீறலில்லை, ரத்தமில்லை. யாரும் துரத்திக்கொண்டும் வரவில்லை. அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்து, முதுகு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். பிறகு பல நாள், விடிந்ததும் விபத்துச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள்.

அதன் பிறகும் வந்திருக்கிறது. தலையணை உறையை மடித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று அவள் முகத்துக்கு முன்னால் நாத்தனார் கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். "எந்தக் கோட்டையப் புடிக்கப் போன? கூப்பிடக் கூப்பிட மரம் மாதிரி நிக்கற." அவள் சிரித்துச் சமாளிப்பாள். தனக்குள்ளே எங்கேயோ ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, அதன் வழியாக நேரம் ஒழுகிப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். மருத்துவரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள். பெயர் வைத்தபிறகு அதோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

"அக்கா, சாவியப் பாதி திருப்பி நிறுத்துங்க. செல்ஃப் அடிக்க வேணாம். எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்று எக்ஸ்பிரஸ் பின்பக்கம் போய், டேங்க் இருக்கும் இடத்தில் குனிந்து காதை வைத்தார். "டேங்குக்குள்ள ஒரு சின்ன மோட்டார் இருக்கு. சாவியத் திருப்பினதும் 'ஊ'ன்னு முனகணும். அதுதான் பெட்ரோலத் தள்ளும். இங்க ஒரு முனகலும் காணோம்."

"மோட்டாரும் போச்சா?" என்றார் கணவர், தன் நெஞ்சுவலியைப் பற்றிக் கேட்பதுபோல.

"மோட்டார் போச்சா, அதுக்குக் கரண்ட் வரலையான்னு பாக்கணும்."

ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எரிந்திருந்தது. புதியது போட்டார். சாவியைத் திருப்பியதும் அதுவும் பட்டென்று போனது. இன்னொன்று. அதுவும் போனது. "எங்கயோ வயர் தொட்டுக்குது" என்று முணுமுணுத்தபடி எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். தோள்வரை உள்ளே போன கை சட்டென்று நின்றது.

"இது என்ன, மெத்தையா?"

வெளியே வந்த கை நிறைய வெள்ளைப் பஞ்சு. இல்லை, துணி. நார் நாராகக் கடித்துக் கிழித்து, வட்டமாகச் சுருட்டி, நடுவில் குழி வைத்த ஒரு கூடு. ஓரத்தில் பெரிய விடுதியின் நீலக் கரை தெரிந்தது.

"எலி குடித்தனம் பண்ணியிருக்கு" என்றார் எக்ஸ்பிரஸ். "நல்ல வசதியாத்தான் இருந்திருக்கு. வயரையும் ரெண்டு இடத்துல தோலுரிச்சு வெச்சிருக்கு. வண்டி மேல என்னத்தைப் போத்தி வெச்சிருந்தீங்க?"

கணவர் மதிற்சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே காலையில் உருவிப் போட்ட விரிப்புக் குவியல் கிடந்தது. வேனை மூடியவள் அவள்தான். விடுதி திருப்பி அனுப்பிய, ஓட்டை விழுந்த விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்து, கண்ணும் கருத்துமாகப் போர்த்தினாள். வெயிலுக்கும் மழைக்கும் என்று எல்லோரிடமும் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் முகப்பு விளக்குகள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் நிஜக் காரணம்.

நாத்தனார் குவியலிலிருந்து ஒரு முனையை எடுத்து விரலால் நிமிண்டினாள். விரிப்பு மொடமொடத்தது.

"கஞ்சி போட்டது!" என்றாள். "அடிப்பாவி, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட விரிப்பையா வண்டிக்குப் போத்துன? வேற துணியே கெடைக்கலையா?"

"ஓட்டைன்னு தெரியறதுக்கு முன்னாடியே நீங்கதான் அண்ணி கஞ்சி போட்டுட்டீங்க" என்றாள் அவள் ஜன்னல் வழியாக. "வெறைப்பா இருந்துச்சு, காத்துக்குப் பறக்காதுன்னு..."

"எலிக்கு மேல சாப்பாடு, கீழ வீடு. மொத்தத்துல நம்ம சலவைக்கூடத்துலயே நல்லா இருந்தது அதுங்கதான்" என்று எக்ஸ்பிரஸ் சிரித்தார். கணவரும் சிரித்துவிட்டார். தன்மேல் மட்டும் இருந்த பழி பாதியாகக் குறைந்ததில் அவருக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. "நான் கழுத்தை நெரிச்சேன், நீ விருந்து வெச்ச. சரியாப் போச்சு போ" என்று ஜன்னல் பக்கம் எட்டி அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே இந்த மனிதரிடம் இப்போது சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அந்த நேரத்தில் அவர் அப்படி லேசாக இருந்தார். ஆனால் எக்ஸ்பிரஸ் அதற்குள் வயரைப் பிடித்து, கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். டேப்பின் நுனி காற்றில் ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மூன்று முகங்கள் இருந்தன.

"அக்கா. அக்கோவ்!"

எக்ஸ்பிரஸின் கையில் டேப் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெட்ரோல் கேன் ஒன்று கீழே காலியாகக் கிடந்தது. எப்போது கொண்டுவந்தார்கள்? எப்போது ஊற்றினார்கள்? வேனின் சாவி துவாரத்தில் இல்லை. அவள் மடியில், அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. எப்போது உருவினாள்?

"எத்தன தடவை கத்தறது, சாவியப் போடு, போடுன்னு" என்றார் கணவர். "தூங்கிட்டியா?"

"இவளுக்கு இதே வேலையாப் போச்சு" என்றாள் நாத்தனார். "கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்காது."

"ராத்திரி சரியாத் தூங்கல" என்றாள் அவள். உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்து சிவந்திருந்தன. எவ்வளவு நேரம் இறுக்கியிருந்தால் இப்படிப் பதியும் என்று பார்த்தாள். அவளால் கணக்கிட முடியவில்லை.

"பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறுது. முடிஞ்ச வரைக்கும் இறக்கிட்டுப் புதுசு ஊத்தியிருக்கேன்" என்றார் எக்ஸ்பிரஸ், இதை இரண்டாவது முறையாகச் சொல்பவரின் பொறுமையோடு. "இப்ப அடிங்க."

சாவியைப் போட்டாள். பாதி திருப்பியதும் பின்னாலிருந்து 'ஊ' என்று அந்த முனகல் கேட்டது. தானாகவே கை முழுவதும் திருப்பியது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. இன்னொரு முறை. இருமி, புகை கக்கி, நின்றுவிடும்போல இழுத்து, பிடித்துக்கொண்டது.

"அப்படிப் போடு!" என்று கணவர் கையைத் தட்டினார். நாத்தனார் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "வந்துட்டா மகராசி" என்றாள். எக்ஸ்பிரஸ் பானெட்டை இறக்கினார். முன்னால் அவளை மறைத்துக்கொண்டிருந்த தகரம் கீழே விழுந்ததும், அவள் எல்லோர் கண்ணிலும் பட்டாள்.

"நிறுத்திடாதீங்கக்கா. இப்படியே ரோட்டுல விட்டு அரை மணி நேரம் நல்லா விரட்டி ஓட்டணும். அப்பத்தான் பேட்டரி ஏறும். இல்லன்னா நாளைக்கு விடியற்காலைல மறுபடி 'டக்'குதான்."

கணவர் அதற்காகவே காத்திருந்தவர்போல வேனைச் சுற்றி ஓடிவந்தார். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினார். அவர் சட்டையில் சோடாவும் நீராவியும் கலந்த சலவைக்கூடத்து மணம். குழந்தையைப்போல முகம் மலர்ந்திருந்தது.

"ம், எடு. பெரிய ரோடு வரைக்கும் போய்த் திரும்பலாம். வழியில மேனேஜரையும் பாத்து, வண்டி ரெடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவோம்."

நாத்தனார் இரும்புக் கதவின் தாழை நீக்கி, இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். தெரு வெறுமனே தெருவாக இருந்தது. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்கறிப் பையோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக வேனின் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

அவள் கால் பழக்கத்தில் க்ளட்சை மிதித்திருந்தது. கை கியரின் மேல் இருந்தது. காலும் கையும் இன்னும் எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருந்தன. அன்றைக்கும் அவைதான் அவளைச் சந்தைத் தெரு வழியாகக் கொண்டுபோயிருக்கின்றன, அவள் இல்லாமலே.

"எடும்மா" என்றார் கணவர். "மெதுவாவே போ. நான்தான் பக்கத்துல இருக்கேனே."

அவள் அவரைப் பார்த்தாள். பார்வை உள்ள கண், இல்லாத கண் இரண்டுமே ஒரே மாதிரி அவளை நம்பின. அறை நிறைய விரிப்புகள் அடுக்கியிருந்தன. நாளைக்கு யார் கொண்டுபோவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியாது. மீனிலிருந்தா, மடங்கிய கண்ணாடியிலிருந்தா?

கியரிலிருந்து கையை எடுத்தாள். க்ளட்சிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சினை நிறுத்தாமல், கதவைத் திறந்து கீழே இறங்கி, வேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு?"

"நான் ஓட்டலைங்க."

"இப்ப வேணாமா? சரி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா. அதுவரைக்கும் ஓடிட்டே இருக்கட்டும்."

"இப்ப மட்டும் இல்ல. நாளைக்கும் இல்ல."

"நாளைக்கும் இல்லன்னா? மேனேஜர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேனே. விரிப்பை யாரு கொண்டுபோறது?"

"தெரியலைங்க."

எக்ஸ்பிரஸ் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு வேறு எங்கோ பார்த்தார். நாத்தனார் திறந்த கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். எஞ்சின் சத்தத்தில் கணவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று வேனைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமலே இன்னொரு முறை சொன்னாள்.

"நான் ஓட்டமாட்டேன்."